நிர்மலாதேவி டீச்சரின் பின்சீட்டில்

அம்மா ஸ்கூட்டர் ஓட்ட, பின்னால் உட்கார்ந்து வத்தல்மலை ஏறப்போகிறவன் நான்தான் என்று எங்கள் வீட்டில் முடிவானபோது என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்பா சோற்றில் குழம்பை ஊற்றிக்கொண்டே தீர்ப்பைச் சொன்னார்.

"கதிரவன் பின்னால உக்காரட்டும். நீ ஓட்டு. மேல போயிட்டு ரெண்டு பேரும் கை கால் முழுசா வூடு வந்து சேருங்க. அப்புறம் நான் வாயத் தெறந்தா ஏன்னு கேளு."

"பேச்சு மாறக் கூடாது" என்றாள் அம்மா.

"இந்தத் தமிழ்மணி பேச்சு மாறி எவனாவது பாத்திருக்கறானா?" என்றார் அப்பா.

நான் பார்த்திருக்கிறேன். ஆனால் சாப்பிடும் நேரத்தில் அதைச் சொல்வது நல்லதல்ல.

விஷயம் இதுதான். அம்மா நிர்மலாதேவி தொடக்கப்பள்ளி ஆசிரியை. நல்லம்பள்ளியைச் சுற்றி உள்ள பாதிப் பேருக்கு அ, ஆ சொல்லிக் கொடுத்தவள். இப்போது தலைமையாசிரியையாகப் பதவி உயர்வு வந்திருக்கிறது. வந்த இடம் மலைமேல் காரைக்காடு. அங்கே போகிற பஸ்சுக்கு மழை பெய்தால் வர மனம் இருக்காது. பெய்யாவிட்டாலும் சில நாள் இருக்காது. ஆகவே சொந்த வண்டி வேண்டும். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் அடுத்த வாய்ப்பு வருவதற்குள் அம்மா ஓய்வே பெற்றுவிடுவாள். திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும். அப்பாவின் கருத்து, இந்த வயதில் மலை ஏறி எந்த நாட்டைப் பிடிக்கப் போகிறாய் என்பது. தகவல் வந்த அன்று சாயங்காலமே அம்மா, "வண்டி கத்துக் குடுறா" என்று சாவியை என் கையில் திணித்தாள். அவளுக்கு அந்த நாற்காலி எவ்வளவு வேண்டும் என்பது எனக்கு அன்றே தெரிந்துவிட்டது.

அம்மா சீக்கிரம் கற்றுக்கொண்டாள். எட்டு போட்டு லைசென்சும் வாங்கிவிட்டாள். ஒரே ஒரு குறைதான். பயந்தால் ஆக்சிலேட்டரை முறுக்குவாள். மற்றவர்கள் பயந்தால் கையை விடுவார்கள். அம்மா, பஸ்ஸில் கம்பியைப் பிடிப்பதுபோல எது கையில் இருக்கிறதோ அதை இறுக்கிப் பிடித்து முறுக்குவாள். எதிர்வீட்டு மாயவன் அண்ணனின் கேட் முன்பெல்லாம் வெளிப்பக்கம் திறந்துகொண்டிருந்தது. இப்போது உள்பக்கமும் திறக்கிறது.

"பயமா இருந்தா கைய விடும்மா" என்று எத்தனையோ முறை சொன்னேன்.

"விட்டா விழுந்துருவனேடா" என்பாள்.

நான் படிக்கிற மெக்கானிக்கல் இன்ஜினியரிங்கில் இல்லாத விதி இது.

ஞாயிற்றுக்கிழமை காலை கிளம்பினோம். கிளம்புவதற்கு முன் நான் மூன்று முறை பாத்ரூம் போய் வந்தேன். மூன்றாவது முறை வெளியே வந்தபோது அப்பா வாசலில் அம்மாவுக்கு ஏதோ கடைசி நேர ஆலோசனை சொல்லிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார். அது என்ன என்று கேட்டிருக்கலாம். அப்பாவின் ஆலோசனைகளைக் கேட்காமல் இருப்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பழக்கம் என்பதால் கேட்கவில்லை.

"ஹெல்மெட் நல்லா மாட்டு" என்றார் என்னிடம். மகன் தலைமேல் ஒரு தகப்பனுக்கு இருக்க வேண்டிய அக்கறை அந்தக் குரலில் இருந்தது. அதற்காகவே வாரை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டேன்.

பின்னால் உட்கார்ந்து அம்மாவின் தோளைப் பிடித்தேன்.

"தோள்ல கை வைக்காதடா, கூசுது."

"அப்ப எதப் புடிக்கறது?"

"பின்னால கம்பி இருக்குதில்ல, அதப் புடி."

வத்தல்மலை அடிவாரம் வரை எல்லாம் சரியாகவே நடந்தது. பயப்படவும் பயிற்சி வேண்டும் அல்லவா, அந்தத் தூரத்தை நான் அதற்குப் பயன்படுத்திக்கொண்டேன்.

மலையில் ஏறத் தொடங்கி ஒரு வளைவு தாண்டியதும் ரோடு கொஞ்சம் அகலமாகிச் சமமாக வரும். அந்த இடத்தில் ரோடே தெரியவில்லை. கொள்ளுச் செடிகளைப் பிடுங்கி வந்து முழு அகலத்துக்கும் பரப்பி வைத்திருந்தார்கள். எங்கள் பக்கத்தில் தை, மாசியில் இது வழக்கம். போகிற வருகிற வண்டிகள் ஏறி மிதித்தால் காய் உடைந்து கொள்ளு உதிரும். ரோடு அரசாங்கத்தினுடையது, டீசல் ஊரானுடையது, கொள்ளு மட்டும் அவர்களுடையது. லாரிக்கு இதனால் ஒன்றுமில்லை. இரண்டு சக்கர வண்டிக்குத்தான் எமன். செடி சக்கரத்தில் சுற்றிக்கொள்ளும், கொள்ளு காலுக்கடியில் உருளும். இன்னும் பரப்பாத செடிகள் மலைச்சரிவை ஒட்டி ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடந்தன. கையில் நீளக் கழியோடு ஒரு அம்மாள் செடியைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

அம்மா வண்டியை நிறுத்தினாள்.

"ஏனுங்க நின்னுட்டீங்க? சும்மா ஏறிப் போங்க" என்றார் அந்த அம்மாள்.

"வழுக்குமேங்க."

"லாரியே போகுது. உங்க வண்டி என்ன, அதவிட ஒசத்தியா?"

"ஓரமா கொஞ்சம் வழி விட்டிருந்தா…"

"ஓரமாப் போனா யாருக்குப் புண்ணியம்? நடுவுல போங்க. நல்லா மிதிங்க." பிறகு என்னைப் பார்த்து, "கால எதுக்குத் தூக்கற சாமி? எறக்கி வச்சுத் தேய்ச்சுக்கிட்டே போ, அதுலயும் நாலு காய் ஒடையும்" என்றார்.

அவர் பேர் ராமக்காள் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். அப்போது அவரை நான் மனதுக்குள் வேறு பெயர்களால் அழைத்துக்கொண்டிருந்தேன். வண்டி அந்தக் கொள்ளின்மேல் குடித்துவிட்டு வருகிறவன் மாதிரி போயிற்று. இரண்டு பேரும் நாலு காலையும் தரையில் தேய்த்துக்கொண்டு தாண்டினோம். பின்னாலிருந்து, "அப்படித்தான்! வரும்போதும் இதே மாதிரி வாங்க!" என்று குரல் வந்தது.

அதன்பிறகு மலை தன் வேலையைத் தொடங்கியது.

கொண்டை ஊசி வளைவு என்று பெயர் வைத்தவன் அதை நடந்து ஏறியிருக்க வேண்டும். ஸ்கூட்டரின் பின்சீட்டிலிருந்து பார்த்தால் அது வளைவே இல்லை. ரோடு முடிந்துவிடுகிறது. எதிரே வானம் இருக்கிறது. கடைசி நொடியில் அம்மா ஹேண்டில்பாரைத் திருப்பும்போது, ரோடு நம் தலைக்கு மேலே இன்னொரு மாடியில் தொடர்வது தெரிகிறது. ஒவ்வொரு வளைவிலும் அம்மா பயந்தாள், பயந்ததும் முறுக்கினாள், ஏற்றத்துக்கு அது சரியாக இருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக அவளுடைய குறை அவளுக்கு உதவி செய்தது. எனக்குத்தான் ஒவ்வொரு முறையும் தலை பின்னால் போய்த் திரும்பி வந்தது.

நடுவில் ஒரு வளைவில் மேலேயிருந்து மூட்டை ஏற்றிய ஜீப் ஒன்று சத்தமில்லாமல் இறங்கி வந்தது. அம்மா பிரேக்கைப் பிடித்தாள். வண்டி நின்றது. பிறகு மெதுவாகப் பின்னோக்கி வரத் தொடங்கியது. எனக்குப் பின்னால் முழங்கால் உயரத்துக்கு ஒரு தடுப்புச் சுவர். அதற்குப் பின்னால் தர்மபுரி மாவட்டம். எங்கள் கல்லூரியின் தண்ணீர்த் தொட்டி ஒரு மாத்திரை அளவுக்குத் தெரிந்தது.

நான் இறங்கிவிட்டேன். வண்டியைத் தாங்கிப் பிடிக்கத்தான் இறங்கினேன் என்று இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஜீப்காரர் தலையை வெளியே நீட்டினார். "ஏங்க்கா, எனக்குப் பொண்டாட்டி புள்ளைங்க எல்லாம் இருக்குதுங்க."

"எனக்குந்தான் இருக்குது. வளைவுல ஹாரன் அடிச்சியா நீ?"

"இல்லீங்க டீச்சர்."

"டீச்சர்னு யாரு சொன்னா?"

"கேட்டீங்கல்ல, அதுலயே தெரியுதுங்க."

அவர் ஜீப்பை ஓரம் கட்டி, போகும்வரை ஹாரனை அடித்துக்கொண்டே போனார். அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். "நீ ஏன்டா எறங்கின?"

"வண்டியப் புடிக்க."

"வண்டி இங்க இருக்குது. நீ அங்க இருக்கற."

நான் நடந்து வந்து ஏறிக்கொண்டேன். அதற்கு மேல் பனி மூட்டம். அம்மா விளக்கைப் போட்டாள். விளக்கு வெளிச்சத்தில் பனிதான் நன்றாகத் தெரிந்தது. பள்ளம் தெரியவில்லை. கண்ணுக்குத் தெரியாத பள்ளம் தெரிந்த பள்ளத்தைவிட ஆழமானது என்பதை அந்த அரைமணி நேரத்தில் கண்டுகொண்டேன். கம்பியைப் பிடித்த என் விரல்கள் கம்பியைப் போலவே குளிர்ந்து, எது விரல் எது கம்பி என்று தெரியாமல் போயிற்று. அம்மா வாய்ப்பாடு சொல்கிற குரலில் தனக்குத்தானே பேசிக்கொண்டு வந்தாள். "ஹாரன். மெதுவா. திருப்பு. முறுக்கு. ஹாரன். மெதுவா. திருப்பு."

ஏறிவிட்டோம்.

மேலே வெயில் அடித்தது. சில்வர் ஓக் மரங்களும் அவற்றில் சுற்றிய மிளகுக் கொடியும், பக்கத்திலேயே சாமை அறுத்த தாளும், எல்லாம் கீழே நடந்த எதுவும் தெரியாத மாதிரி அமைதியாக இருந்தன. காரைக்காட்டில் ஒரு டீக்கடை. கடைக்காரர் மாதப்பன் டீயைக் கொடுத்துவிட்டு வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார்.

"புது எச்செம்முங்களா?"

"இன்னும் இல்லீங்க. பாத்துட்டுப் போலாம்னு வந்தோம்" என்றாள் அம்மா.

"வர்றவங்க எல்லாம் மொதல்ல கேக்கறது கடைசி பஸ்சு எப்பன்னுதானுங்க. நீங்க அதக் கேக்கலியே."

"பஸ்சு எதுக்கு, வண்டி இருக்குது."

அதைச் சொல்லும்போது அம்மாவின் முகத்தை நான் பார்த்தேன். சொந்த வீடு கட்டியவர்கள் வீட்டு நம்பரைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

பள்ளிக்கூடம் பூட்டியிருந்தது. அம்மா ஜன்னல் கம்பி வழியாக உள்ளே பார்த்தாள். நானும் பார்த்தேன். ஒரு மேசை, அதற்குப் பின்னால் ஒரு மர நாற்காலி. எல்லா ஊர்த் தலைமையாசிரியர் நாற்காலியிலும் முதுகில் ஒரு துண்டு போட்டிருக்கும். இதில் இல்லை. அம்மா ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "போலாம்" என்றாள். எனக்குச் சட்டென்று ஞாபகம் வந்தது. ஏறியது எல்லாம் இறங்க வேண்டும்.

இறக்கத்தில் நான் ஒரு முடிவு எடுத்தேன். கண்ணை மூடிக்கொள்வது. ஹெல்மெட்டை அம்மாவின் முதுகில் சாய்த்து, பின் கம்பியைப் பிடித்து, கண்ணை மூடினேன். உடனே எல்லாம் நன்றாகிவிட்டது. வண்டி வழுக்கிக்கொண்டு போயிற்று. காற்றுச் சத்தம் தவிர வேறு சத்தமே இல்லை. ஏறும்போது முக்கி முனகிய வண்டியா இது என்று ஆச்சரியப்பட்டேன். அம்மா எவ்வளவு தேறிவிட்டாள், ஆக்சிலேட்டரைத் தொடவே இல்லையே என்று பெருமையாகக்கூட இருந்தது. வளைவுகள் வந்தன, போயின. கருகிய வாசனை வந்தது. யாரோ காட்டில் சருகு எரிக்கிறார்கள் என்று நினைத்தேன். அடுத்த வளைவிலும் எரித்தார்கள். அதற்கடுத்த வளைவிலும் எரித்தார்கள்.

"கதிரு."

வகுப்பில் வருகைப் பதிவு எடுக்கும் குரல். ஏற்ற இறக்கமே இல்லை.

"என்னம்மா?"

"பிரேக் புடிக்க மாட்டேங்குது."

கண்ணைத் திறந்தேன். திறந்திருக்கக் கூடாது. மரங்கள் கோடுகளாகப் போய்க்கொண்டிருந்தன. வலது பக்கம் மலை. இடது பக்கம் ஒன்றும் இல்லை.

"நல்லா புடிம்மா!"

"புடிச்சுக்கிட்டுதான்டா இருக்கறன். ரெண்டும் கைப்புடியோட ஒட்டிக்கிச்சு."

எட்டிப் பார்த்தேன். அம்மாவின் விரல்கள் வெளுத்துப் போயிருந்தன. பிரேக் லீவர்கள் முழுதாக அமுங்கியிருந்தன. வண்டி அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. எதிரே ரோடு முடிந்து வானம் வந்துகொண்டிருந்தது. அம்மா இரண்டு காலையும் தரையில் வைத்தாள். செருப்பு ஒன்று கழன்று எங்களுக்குப் பின்னால் ஓடி நின்றது. எப்படியோ திருப்பினாள். தடுப்புச் சுவர் என் முழங்காலுக்கு அவ்வளவு பக்கத்தில் வந்து போயிற்று. அதில் யாரோ கல்லால் கிறுக்கியிருந்த காதலர் பெயரை என்னால் படிக்க முடிந்தது. அவர்கள் நன்றாக இருக்கட்டும்.

வளைவு முடிந்ததும் அம்மா பயந்தாள். பயந்ததும் எப்போதும் செய்வதைச் செய்தாள். ஆக்சிலேட்டரை முழுக்க முறுக்கினாள்.

ஒன்றும் ஆகவில்லை.

உறுமல் இல்லை, இழுப்பு இல்லை. காற்று மட்டும். அப்போதுதான் எனக்கு உறைத்தது. உச்சியிலிருந்து நான் ரசித்துக்கொண்டு வந்த அமைதி எது என்று.

"யம்மா! வண்டி ஆஃப்ல இருக்குது!"

"ஆமா."

"ஆமாவா?"

"உங்கப்பாதான்டா சொன்னாரு. உச்சியிலயே சாவியத் திருப்பிடு, அடிவாரம் வரைக்கும் ஒரு சொட்டு பெட்ரோல் ஆகாதுன்னு!"

வாசலில் நடந்த ஆலோசனை அதுதான். அப்பா இதை என் சின்ன வயதிலிருந்து சொல்லி வருகிறார். தொப்பூர் கணவாயில் உச்சியில் ஆஃப் பண்ணிவிட்டால் வண்டி தானாக இறங்கிவிடும் என்பார். அவர் மட்டுமல்ல, எங்கள் பக்கத்தில் எல்லோரும் அப்படித்தான். இறக்கம் என்பது எங்களுக்கு அரசாங்கம் தருகிற மானியம் மாதிரி. வாங்காமல் விட்டால் நஷ்டம். ஆனால் அப்பாவின் வண்டி கியர் வண்டி. ஆஃப் பண்ணினாலும் கியரில் கிடந்தால் எஞ்சின் சக்கரத்தைப் பிடித்து வைத்திருக்கும். அம்மாவினுடையது கியர் இல்லாத ஸ்கூட்டர். எஞ்சின் நின்றால் சக்கரத்துக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. இரண்டு பிரேக் மட்டுமே மிச்சம். அந்த இரண்டும் உச்சியிலிருந்து சூடேறிச் சூடேறி, காட்டில் சருகாக எரிந்துகொண்டிருந்தன. இந்தப் பாடத்தில்தான் எனக்கு அரியர். பரீட்சை ஹாலில் வராத விடை வத்தல்மலை வளைவில் படம் போட்டு வந்தது.

"சாவியப் போடும்மா!"

"கைய எடுத்தா விழுந்துருவன். நீ போடு!"

அம்மாவின் இடுப்பைச் சுற்றி வலது கையை முன்னால் விட்டேன். சாவி கையில் பட்டது. திருப்பப் போனவன் நின்றுவிட்டேன். ஒரு பக்கம் திருப்பினால் ஆன். இன்னொரு பக்கம் திருப்பினால் ஹேண்டில் லாக். இந்த வேகத்தில் ஹேண்டில் பூட்டிக்கொண்டால் அதற்குப் பிறகு எங்களைப் பற்றிப் பேச ஒன்றும் இருக்காது. தினமும் திருப்புகிற சாவி. பலமுறை கண்ணை மூடிக்கொண்டு திருப்பியிருக்கிறேன். எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. வலதா? என் வலதா, வண்டியின் வலதா? இரண்டும் ஒன்றுதானே? ஒன்றுதானா?

"என்னடா பண்ற?"

"எந்தப் பக்கம்மா?"

"கடியாரம் சுத்தற பக்கம்டா!"

ஒன்றாம் வகுப்புக்குச் சொல்கிற மாதிரி சொன்னாள். ஒன்றாம் வகுப்பு மாதிரியே மனதுக்குள் ஒரு கடிகாரத்தை வரைந்து பார்த்துத் திருப்பினேன். விளக்கு எரிந்தது. ஹேண்டில் பூட்டவில்லை.

"ஸ்டார்ட் பட்டன அழுத்து!"

அழுத்தினாள். எஞ்சின் உயிர் பெற்றது. அம்மாவின் கை இன்னும் முழு முறுக்கில் இருந்ததால் அது சாதாரணமாக உயிர் பெறவில்லை. மலையே கேட்கும்படி அலறிக்கொண்டு வண்டி முன்னால் பாய்ந்தது. இதுவரை போனது வேகமே இல்லை என்று அப்போது தெரிந்தது. கீழே அடுத்த வளைவின் பலகை எங்களை நோக்கி ஓடி வந்தது.

"கைய விடும்மா! விடு!"

"விட்டா…"

"விழ மாட்ட! விடும்மா!"

நான் அழுதேனா என்று கேட்டால், காற்றில் கண்ணில் நீர் வந்தது. அம்மா கையைத் திறந்தாள். வண்டி பழகிய மைதானத்தில் செய்யாததை, மாயவன் அண்ணன் கேட்டில் செய்யாததை, அங்கே செய்தாள். பயந்துகொண்டிருக்கும்போதே கையை விட்டாள். உடனே யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்த மாதிரி வண்டி அடங்கியது. எஞ்சின் முனகிக்கொண்டே சக்கரத்தைப் பிடித்துக்கொண்டது. வளைவை எடுத்தோம். அடுத்ததையும் எடுத்தோம். அம்மா மறுபடி வாய்ப்பாடு சொல்லத் தொடங்கினாள். "ஹாரன். திருப்பு. கைய விடு. கைய விடு. கைய விடு."

வேகம் குறைந்தது, நிற்கத்தான் இல்லை. பிரேக் இன்னும் வெறும் லீவராகத்தான் இருந்தது. அப்போது ரோடு அகலமானது. எதிரே கொள்ளு. நடுவில் கழியோடு ராமக்காள். எங்களைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே, வாங்க வாங்க என்று கையால் நடுவைக் காட்டினார்.

"தள்ளிக்குங்க! பிரேக் இல்ல!" என்று நான் கத்தினேன்.

கொள்ளின்மேல் இந்த வேகத்தில் ஏறினால் வழுக்கி இடது பக்கம் போவோம். இடது பக்கம் பள்ளத்துக்கு முன்னால் இரண்டு கல் தூண். அவ்வளவுதான். அம்மாவும் அதைப் பார்த்திருக்க வேண்டும். ஹேண்டில்பாரை வலது பக்கம் திருப்பி, பரப்பாமல் ஆள் உயரத்துக்குக் குவித்திருந்த செடிக் குவியலுக்குள் வண்டியை நேராக விட்டாள்.

உலகம் பச்சையும் பழுப்புமாக மாறி, வாயில் கொள்ளுச் சுவையோடு நின்றது.

பிறகு குவியலுக்குள்ளிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"கதிரு, இருக்கறியா?"

"இருக்கறன்."

"கை கால்?"

எண்ணிப் பார்த்தேன். "முழுசா இருக்குது."

ராமக்காள் கழியை எறிந்துவிட்டு ஓடி வந்து செடியை விலக்கினார். முதலில் அம்மாவை இழுத்தார், பிறகு என்னை. இரண்டு பேரையும் தட்டித் தட்டிப் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்ததும் இடுப்பில் கையை வைத்துக்கொண்டார்.

"மிதிச்சுட்டுப் போங்கன்னுதான சொன்னன்? குதிக்கவா சொன்னன்?"

"மன்னிச்சுக்குங்க" என்றாள் அம்மா. ஒரு காலில் செருப்பு இல்லை. ஹெல்மெட்டின் இடுக்கிலிருந்து ஒரு கொள்ளுக் கொடி மணப்பெண்ணின் பூச்சரம் மாதிரி தொங்கியது.

ராமக்காள் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். அம்மா குடித்தாள். நான் குடித்தேன். நான் குடித்ததில் பாதி சட்டையில் போயிற்று. வண்டியை வெளியே இழுத்து நிறுத்தினோம். பின் சக்கரத்தில் இரண்டு சொட்டுத் தண்ணீர் பட்டதும் தோசைக்கல் மாதிரி சீறியது. ரோட்டோரம் மூன்று பேரும் உட்கார்ந்தோம். வண்டி ஆறுகிற சத்தம் டிக் டிக் என்று கேட்டுக்கொண்டிருந்தது.

அந்தச் சத்தமும் நின்றபிறகு நான்தான் மெல்ல ஆரம்பித்தேன். "ம்மா, மிச்சத்த நான் ஓட்டறன். அப்பாகிட்ட நீதான் ஓட்டினன்னு சொல்லிக்கலாம். இல்லன்னா வேலையே வேணாம்னு…"

அம்மா சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "எதுனால நிக்கல?" என்றாள்.

சொன்னேன். கியர் வண்டி, கியர் இல்லாத வண்டி, சூடான பிரேக் எல்லாம். அரியர் பாடத்தை முதன்முதலாகத் தெளிவாகச் சொன்னேன்.

"அப்ப ஆஃப் பண்ணாம, கைய விட்டுக்கிட்டே எறங்கியிருந்தா நின்னிருக்கும்?"

"நின்னிருக்கும்."

"தெரியுமா? நெனைக்கறியா?"

பத்து வயதுக்குள் என்னை எத்தனை முறை இந்தக் கேள்வியால் அடித்திருப்பாள். "நெனைக்கறன்" என்றேன்.

அம்மா எழுந்தாள். புடவையில் ஒட்டியதை உதறினாள். பிரேக் லீவரை அழுத்திப் பார்த்தாள். பாதியிலேயே நின்றது. வண்டியைக் கொஞ்சம் தள்ளி மறுபடி அழுத்தினாள். சக்கரம் நின்றது. பிறகு ஹேண்டில்பாரைப் பிடித்து வண்டியைத் திருப்பினாள். அடிவாரத்தைப் பார்த்து அல்ல. மலையைப் பார்த்து.

"ம்மா, வூடு அந்தப் பக்கம்."

"தெரியும். உச்சிக்குப் போயிட்டு வருவோம். இந்தத் தடவ ஆஃப் பண்ணாம."

"எதுக்கு?"

"நீ நெனைக்கறத நம்பி நான் நாளைக்கு எப்படிடா வேலைய ஒத்துக்கறது? தெனமும் எறங்கணும். அப்ப பின்னால நீ இருக்க மாட்ட."

"அப்பா ஒரு தடவதான சொன்னாரு…"

"மேல போயிட்டுக் கீழ வான்னாரு. எத்தன தடவன்னு சொன்னாரா? வழியில செருப்பு வேற கெடக்குது. ஏறு."

நான் ராமக்காளைப் பார்த்தேன். ஒரு வளர்ந்த மனுஷி, நியாயம் தெரிந்தவர், ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன். வேண்டுமானால் இங்கேயே இருந்து கொள்ளைப் புரட்டி உதவி செய்கிறேன் என்றுகூடச் சொல்லத் தயாராக இருந்தேன். அவர் நாங்கள் குலைத்த குவியலையும் அதன் அடியில் உதிர்ந்து கிடந்த கொள்ளையும் குனிந்து பார்த்தார். ஒரு கை அள்ளி ஊதினார். பரவாயில்லை என்பதுபோலத் தலையாட்டினார்.

"ஏறி உக்காரு சாமி" என்றார். "நான் அதுக்குள்ள இந்தப் பக்கத்தப் பொரட்டி வைக்கறன். வரும்போது மெதுவா, நல்லா மிதிச்சுட்டுப் போங்க."

அம்மா ஸ்டார்ட் பட்டனை அழுத்தினாள். நான் ஏறினேன். பின் கம்பியைத் தொடக்கூட இல்லை. இரண்டு கையாலும் அம்மாவின் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

கூசுது என்று அவள் சொல்லவில்லை.